அழுக்கு டிரம்காரம்மா

ஒத்தக்கடையிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் அப்போது பழைய டிரம் கடைகள் வரிசையாக இருந்தன. கம்பெனிகளில் சரக்கு தீர்ந்து காலியான நீல பிளாஸ்டிக் டிரம்களையும் இரும்பு டிரம்களையும் மொத்தமாக எடுத்து வருவார்கள். கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காய வைத்து, தண்ணீர் பிடித்து வைக்கிறவர்களுக்கு விற்பார்கள். கோடை வந்துவிட்டால் பாதி மதுரை அங்கேதான் நிற்கும். எல்லாக் கடை டிரம்களும் பளபளவென்று இருக்கும். ஒரு கடையில் மட்டும் டிரம்கள் அழுக்கேறி, வழிந்த சரக்கு காய்ந்து ஒட்டிப்போய், பாதி கிழிந்த ஸ்டிக்கரோடு நிற்கும். அந்தக் கடை அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ரோட்டில் அவரை 'அழுக்கு டிரம்காரம்மா' என்பார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அதற்காக அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

என் கடை அவர் கடைக்கு அடுத்தது. நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். எனக்கு அதிகம் பேச்சு வராது. ஆள் வந்து நின்றால் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவேன். அக்காவிடம் அப்படி ஒளிய முடியவில்லை. நான் கடை போட்ட மறுநாளே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"தம்பி, இங்கிலீசு படிப்பீங்களா?"

"பத்தாவது வரைக்கும் போயிருக்கேங்க்கா. எழுத்துக் கூட்டுவேன்."

"அது போதும். இங்கிட்டு வாங்க."

ஒரு டிரம்மின் வயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ஒரே சொல் அரை முழத்துக்கு நீண்டது. சொல்லி முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்படின்னா?"

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. அப்ப அங்கிட்டு உருட்டுங்க" என்றார்.

அவர் கடை வளவின் நடுவே ஒரு முருங்கை மரம் நின்றது. மரத்துக்கு இந்தப் பக்கம் தெரிந்தது, அந்தப் பக்கம் தெரியாதது. மாம்பழக் கூழ், குளுக்கோஸ், சமையல் எண்ணெய் என்று படிக்க வந்தால் எங்கள் இரண்டு பேருக்குமே நிம்மதி. அதெல்லாம் இந்தப் பக்கம். விலை முடிந்த பிறகுதான் அவரே உட்கார்ந்து கழுவிக் கொடுப்பார், ஸ்டிக்கரை மட்டும் கிழிக்கமாட்டார். தின்னர், ஆசிட், பசை, பூச்சிமருந்து என்றால் அந்தப் பக்கம். என் படிப்புக்கு எட்டாத பெயர்களும் அந்தப் பக்கம். ஸ்டிக்கரே இல்லாததும் அந்தப் பக்கம். எப்போதும் அந்தப் பக்கத்துக் குவியல்தான் பெரிதாக இருக்கும்.

வந்த டிரம் அழுக்காக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "கழுவாம வந்தா என்ன ஒட்டியிருக்குன்னு பாக்கலாம். ஸ்டிக்கர் இருக்கும். கழுவிக் கொண்டாந்து நிறுத்திட்டான்னா என்னத்தத் தம்பி பாத்து வாங்குறது?" என்பார்.

எழுத்து தெரியாவிட்டாலும் ஸ்டிக்கரில் இருக்கும் சிவப்புக் கட்டப் படங்கள் அவருக்கு நன்றாகத் தெரியும். தீ எரிகிற படம். மண்டையோடு. கைமேல் சொட்டு விழுந்து தோல் அரிக்கிற படம். மரம் பட்டுப்போய்ப் பக்கத்தில் மீன் செத்துக் கிடக்கிற படம். அந்த மீன் படத்தை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பார். "மண்டையோட்டப் பாத்தா எவனும் பயந்துக்குருவான். இந்த மீனு சொல்றதுதான் ஒருத்தனுக்கும் வெளங்கல."

வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? கஷ்டப்பட்டுத்தான் நடந்தது. வருகிறவர்களிடம் அவர் விலை சொல்வதற்கு முன்னால் "எதுக்கு?" என்று கேட்பார். ஒரு நாள் கோச்சடையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். ரிட்டையர் ஆனவர் மாதிரி இருந்தார். முருங்கைக்கு அந்தப் பக்கம் கிடந்த ஒரு டிரம்மைக் காட்டி, அது நல்ல கனமாக இருக்கிறது, அதைக் கொடு என்றார்.

"எதுக்குங்கண்ணே?"

"குளிக்கிறதுக்குத்தாம்மா. மாடில வைக்க."

"குளிக்கன்னுதான் வாங்கிட்டுப் போவீங்க. ரெண்டு நாளு தண்ணி லாரி வரலைன்னா வீட்டுல இருக்கவுக அதுலயே மொண்டு உலை வைப்பாக. இந்தப் பக்கம் எடுத்துக்கங்க."

"அது அழுக்கா இருக்கேம்மா."

"அழுக்கு போயிரும்ணே."

"நான் காசு குடுக்கிறேன், எதை எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்று அவர் கோபித்துக்கொண்டு நாலு கடை தள்ளிப் போய் பளபளப்பான ஒன்றை வாங்கிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போனார். அக்கா அந்தக் கார் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். போன வியாபாரத்துக்காக இல்லை. அதில் முன்பு என்ன இருந்தது என்று யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

தெரியாத பக்கத்து டிரம்களைக் கட்டட வேலைக்காரர்கள்தான் வாங்குவார்கள். அதிலும் அக்காவுக்கு ஒரு முறை இருந்தது. விற்பதற்கு முன் அடியில் ஒரு துளை போட்டுவிடுவார். குப்பை போட்டுக்கொள்ளலாம், சாரத்துக்கு முட்டுக் கொடுக்கலாம், தண்ணீர் மட்டும் நிற்காது. இது போதும் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

பிறகு மேலூரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். பந்திக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம் நிறையக் குடிதண்ணீர். ஒரு பெண் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா குனிந்து அடியைப் பார்த்தாராம். அவர் போட்ட துளைதான். அதில் சைக்கிள் டியூப் துண்டை வைத்து, பசை போட்டு அழகாக அடைத்திருந்தார்கள். "ஓட்டை டிரம்முன்னு சல்லிசாக் கெடச்சிச்சு அத்தாச்சி. ஒரு ரூவா டியூப்புல முடிச்சாச்சு" என்று அந்த வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னாராம். அக்கா அங்கேயே அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு வந்தார். பந்தி நடுவில் தண்ணீர் ஓடி இலை எல்லாம் மிதந்தது என்று கேள்வி. அந்த வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு துளை போடுவதை விட்டார். ஆக்சா பிளேடை எடுத்து டிரம்மை இடுப்போடு இரண்டாக அறுத்துவிடுவார். கலவை குழைக்கிற தொட்டியாக விற்பார். முழு டிரம்முக்குக் கிடைக்கிறது அரை டிரம்முக்கு எங்கே கிடைக்கும்?

எதிரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த செல்வத்துக்கு அக்காவைக் கிண்டல் பண்ணாவிட்டால் பொழுது போகாது. "அக்கா கல்யாணத்துக்குப் போனா மாப்ள முன்னாடி எந்தக் கம்பெனில இருந்தாருன்னு ஸ்டிக்கர் பாத்துட்டுத்தான் மொய் எழுதும்" என்பார். ஒரு முறை புரோட்டாக் கடைக்கு அடுப்பு செய்ய அக்காவிடம் தின்னர் வந்த இரும்பு டிரம் ஒன்றை வாங்கிப் போனார். கேஸ் கட்டரைப் பற்றவைக்கிற நேரத்தில் அக்கா ரோட்டைக் கடந்து ஓடி வந்து அந்த டிரம்மின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எறங்குக்கா. வேலை கெடக்கு."

"விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்து. அப்பறம் அறு."

"காலி டிரம்முக்கா. ஒரு சொட்டு கெடையாது. வேணும்னா கவுத்துப் பாரு."

"காலியா இருக்குன்னுதான் பயமா இருக்கு. உள்ள தின்னர் ஆவி நிக்கும். நெருப்பக் காட்டுனா மூடி எங்க போய் விழும்னு தெரியாது."

"இத யாரு உனக்குச் சொன்னா?"

"எவனோ ஒரு லாரி டிரைவர் சொன்னான். சரியோ தப்போ. நீ தண்ணியக் கொண்டா."

செல்வம் திட்டிக்கொண்டே குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். அது நிரம்புகிற வரை அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இப்படி இருக்கிற மனுஷிக்கு முன்பு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை யாராவது எதையாவது குடித்துவிட்டதோ, வீட்டில் யாருக்காவது கண் போயிற்றோ. கேட்கத் தயங்கித் தயங்கி ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் நடக்கல தம்பி. நடந்தாத்தான் பாக்கணுமா?"

அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போனால் வாரக் கணக்கில் வரமாட்டார். ஒரே மகள். அவளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. அக்காவுக்குப் பிறந்த வீட்டு வழியில் மிச்சம் இருந்தது ஒரே தம்பி, மணி. திருவாதவூரில் இருந்தான். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்து, சேலை கொடுத்து, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வராமல் பெண் கழுத்தில் தாலி ஏறாது. அக்கா மகள் பிறந்ததிலிருந்தே அதற்காகக் காத்திருந்தவன் மாதிரிதான் மணி பேசுவான். பஸ் பாடி கட்டுகிற வேலையை விட்டுவிட்டு, அக்கா மாதிரி டிரம் வியாபாரம் செய்யப் போகிறேன் என்று அந்த வருஷம்தான் இறங்கியிருந்தான்.

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது மணி முதல் சரக்கை அக்கா கடைக்குக் கொண்டு வந்தான். ஒரு மினி லாரி நிறைய நீல டிரம்கள். அவ்வளவு சுத்தமான பழைய டிரம்மை அந்த ரோட்டில் நான் பார்த்ததில்லை. கூடவே எங்கள் ரோட்டு லோடு ஆட்டோக்காரர்களும் வந்து நின்றார்கள். அழகர் வருகிற அன்றைக்கு அவர்கள் மூன்றுமாவடிப் பக்கம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். மோர் கலக்க டிரம் தருவதாக மணி சொல்லியிருந்தான்.

"எல்லாம் மாம்பழக் கூழு வந்த டிரம்முக்கா. நானே உக்காந்து கழுவுனேன். பாரு, மூஞ்சி பாக்கலாம்" என்றான். அக்கா சந்தோஷப்படுவார் என்று அவன் நினைத்தது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஸ்டிக்கர் எங்கடா?"

"மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சு எடுத்துட்டேன். அசிங்கமா இருந்துச்சு."

அக்கா ஒரு டிரம்மின் விளிம்பில் கை வைத்தபடி நின்றார். "எல்லாமே கூழா?"

"ஆமாக்கா."

"நீ பாத்தியா?"

"குடோன்காரன் சொன்னான். பெரும்பாலும் கூழுதான்னு."

"பெரும்பாலும்னா?"

மணி சிரித்தான். "ஏன்க்கா, வெளியாளக் கேக்குற மாதிரி கேக்குற? நாலு எடத்துச் சரக்கு அவன்கிட்ட வரும். அதுக்காக அவன் என்ன சத்தியமா பண்ணுவான்?"

அக்கா ஆட்டோக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கல்யாண மண்டபத்துல சொல்லி அண்டா வாங்கித் தாரேன் மாப்ள. இதத் தொடாதீங்க."

மணிக்கு முகம் சுண்டிவிட்டது. தொட்டித் தண்ணீரை ஒரு வாளி மொண்டு ஒரு டிரம்மில் ஊற்றினான். அலசி விட்டு, சொம்பால் எடுத்து எல்லோரும் பார்க்கக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் நிக்கிறேன்ல?" என்றான்.

"நீ குடிச்சது ஒரு டிரம்முல. மிச்சத்துல?"

"மிச்சத்துலயும் குடிக்கவா?"

"வேணாம்டா."

"சரி. இங்க வேணாம்னா விடு. ரோட்டுல இம்புட்டுக் கடை இருக்கு, வாங்க ஆளா இல்ல? ஏத்துங்கப்பா வண்டில."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. சொன்னதும் உள்ளே போய் ஆக்சா பிளேடை எடுத்து வந்தார். முதல் டிரம்மைச் சாய்த்து முழங்காலால் அழுத்திக்கொண்டு அறுக்கத் தொடங்கினார்.

"அக்கா, அது என் சரக்கு."

"ஆமா. காசு நான் தாரேன்."

"காசு யாரு கேட்டா?"

அவர் நிமிரவில்லை. யாரும் பக்கத்தில் போகவில்லை. செல்வம் கூட எதிர்ப் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு நின்றார். இரண்டாவது டிரம் அறுபடும்போது மணி மெதுவாகத்தான் சொன்னான். "உன் மக கல்யாணத்துக்கு வேற தாய்மாமனப் பாத்துக்க."

அறுக்கிற சத்தம் நின்றது. நான் அவர் எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கட்டும் என்றும் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி கேட்டது. மணி வெறும் வண்டியில் ஏறிப் போனான். அக்கா சாயங்காலம் வரை அத்தனையையும் அறுத்தார். அவன் குடித்துக் காட்டிய டிரம்மையும் சேர்த்து.

கூழாக இருந்தால் எறும்பு வருமே என்று மறுநாள் காலையில் நான் போய் அரை டிரம்களுக்குள் பார்த்தேன். எறும்பு இல்லை. வாடையும் இல்லை. மணி அவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தான். அழகர் வந்த அன்று ஜனங்கள் மண்டபத்து அண்டாவிலிருந்து மோர் குடித்தார்கள். அந்த டிரம்களில் என்ன இருந்தது என்று யாருக்கும் எந்தக் காலத்திலும் தெரியப் போவதில்லை. ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை அக்காவே என்னிடம் சொன்னார். "கூழாத்தான் தம்பி இருக்கும். அவன் சூது தெரியாதவன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்திரிகை வைக்க இரண்டு தடவை திருவாதவூர் போனார். இரண்டு தடவையும் மணி வீட்டில் இல்லை. அவன் மனைவிதான் வாங்கிக்கொண்டாள். மகள் தினமும் கேட்டாள், "மாமா வருவாகளாம்மா?" என்று. அக்காவின் பதில் எனக்கு வேலியைத் தாண்டிக் கேட்கும். "தெரியலடி."

முகூர்த்தத்தன்று மேலூர் மண்டபத்து வாசலில் அக்கா பட்டுச் சேலையோடு நின்றார். வருகிறவர்களை வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டே கண் ரோட்டில் இருந்தது. ஐயர் அவசரப்படுத்துகிற நேரத்தில் மணி வந்தான். சீர்த் தட்டுகளோடு, பத்துப் பேரோடு, மேளத்தோடு வந்தான். எதிலும் குறை வைக்கவில்லை. மருமகளுக்குச் சேலை கொடுத்தான், மாலை போட்டான், கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வந்தான். பெண் அழுதாள், அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா பக்கம் மட்டும் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை. தாலி ஏறியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை நனைக்காமல் கிளம்பிவிட்டான். தாய்மாமன் சாப்பிடாமல் போனதை மண்டபமே பார்த்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் பால் பழத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார்கள். மத்தியானம் தாண்டிவிட்டது. அக்கா என்னிடம் வந்தார். கையில் அடுக்குக் காரியர்.

"வண்டி கொண்டாந்திருக்கீங்களா தம்பி? திருவாதவூர் வரைக்கும் போகணும்."

அவரைப் பின்னால் உட்கார வைத்து என் டிவிஎஸ்ஸில் கூட்டிப் போனேன். காரியர் சூடு என் முதுகில் பட்டுக்கொண்டே வந்தது.

மணி வீட்டு வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவன் மனைவிதான் "வாங்க மதினி" என்று ஓடி வந்தாள்.

"உன் புருசன் சாப்பிடாம வந்துட்டான். இலையப் போடு" என்றார் அக்கா.

"எனக்குப் பசிக்கல" என்றான் மணி.

"காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல மதினி" என்றாள் அவள்.

மணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அந்த டிரம்முல ஒண்ணும் இல்லக்கா. ஊரு முன்னால என்னைய நிக்க வச்சு அறுத்த. நான் கூழுன்னு சொன்னேன். நீயும் கூழுன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் சாப்பிடுறேன்."

அக்கா படியில் உட்கார்ந்தார். பட்டுச் சேலையில் வழியெல்லாம் பட்ட தூசி. சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? டிரம்களோ அறுபட்டு கலவைத் தொட்டியாகப் போய்விட்டன. ஒரு வார்த்தைதானே.

"நீ பொய் சொல்லலடா மணி. அது எனக்குத் தெரியும்" என்றார். "உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததத் தெரியும்னு எப்பிடிடா சொல்ல?"

மணி அவரை நிமிர்ந்து பார்த்தான். அக்கா அவன் பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மணி எழுந்து உள்ளே போய்விட்டான். கதவை மூடவில்லை.

அக்கா காரியரைத் தம்பி மனைவி கையில் கொடுத்தார். "சாம்பார் தனியா இருக்கு. பாயசம் மேல் அடுக்குல. ஆறிரும், சீக்கிரம் எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார்.

கண்மாய்க் கரை தாண்டி மெயின் ரோடு ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகில் சூடு இல்லை.

"அக்கா, காரியர அங்கேயே வச்சிட்டு வந்துட்டமே. மண்டபத்துக் காரியரா?"

"எங்க வீட்டுதுதான் தம்பி. அங்கயே இருக்கட்டும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி அவர் குரல் கேட்டது.

"அத எடுக்கன்னு இன்னொரு வாட்டி போலாம்ல."